கிழிக்கலாம், ஒட்டலாம், அச்சுக் குத்தலாம்

ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டால் படப் புத்தகத்தைத் தொடக் கூடாது என்று யாரோ சட்டம் போட்டுவைத்த மாதிரிதான் நாம் நடந்துகொள்கிறோம். "அது தம்பிக்கு வாங்கினது" என்று சொல்லி அலமாரியின் கீழ்த்தட்டில் தள்ளிவிடுகிறோம். இந்தக் கோடை விடுமுறையில் அந்தக் கீழ்த்தட்டைக் கொஞ்சம் கிளறுங்கள். தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மொட்டைமாடிக் கொட்டகையிலோ திண்ணையிலோ ஓவிய முகாம் நடத்த ஆசைப்பட்டால், ஒரு வாரத்துக்கு வேண்டிய திட்டம் அங்கேயே கிடக்கிறது. வீட்டில் இல்லையென்றால் நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது.

ஒரே ஒரு நிபந்தனை. கதை என்ன ஆகிறது என்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டு ஓடக் கூடாது. ஒவ்வொரு படத்திலும் நின்று, "இதை எப்படிச் செய்திருப்பார்கள்?" என்று கேட்க வேண்டும். இந்த விளிம்பு கத்தரித்ததா, கிழித்ததா? இந்தப் புள்ளிகள் தூரிகையால் வைத்தவையா, எதையாவது தோய்த்துக் குத்தியவையா? அடியில் இருக்கும் நிறம் மேலே தெரிகிறதா, மறைந்துவிட்டதா? பதில் கிடைத்ததும் அன்றைய வேலை தானாக முடிவாகிவிடும்.

பல முகாம்களில் நடப்பது வேறு. புழுக் கதை ஒன்றைப் படித்துக் காட்டுவார்கள். பிறகு எல்லோருக்கும் ஒரே அளவில் வெட்டிய பச்சை வட்டங்களைக் கொடுத்து ஒட்டச் சொல்வார்கள். கடைசி நாள் சுவரில் முப்பது புழுக்கள் தொங்கும். எது யாருடையது என்று பின்பக்கம் திருப்பிப் பெயரைப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஓவியரிடமிருந்து அவர் வரைந்த புழுவை எடுப்பதைவிட, அவர் வேலை செய்த விதத்தை எடுப்பது நல்லது. உருவம் உங்களுடையதாக இருக்கட்டும்.

லியோ லியோனியிலிருந்து தொடங்குவோம். 1910-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, அமெரிக்கப் பத்திரிகைகளில் வடிவமைப்பு வேலை பார்த்தவர். ஒருநாள் தன் பேரப்பிள்ளைகள் இருவரோடு நியூயார்க்கிலிருந்து ரயிலில் போனார். பெட்டியில் பிள்ளைகள் போட்ட ஆட்டம் தாங்கவில்லை. தாத்தா கையில் 'லைஃப்' பத்திரிகை இருந்தது. அதிலிருந்து நீலம், மஞ்சள், பச்சை நிறங்களில் சின்னச் சின்ன வட்டங்களாகக் கிழித்து, தன் கைப்பெட்டியின் மேல் வைத்துக் கதை சொல்ல ஆரம்பித்தார். நீலமும் மஞ்சளும் நண்பர்கள், கட்டிப்பிடித்ததும் இருவரும் பச்சையாகிவிடுகிறார்கள், அப்பா அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை, அழுகிறார்கள். கண்ணீர் நீலமாகவும் மஞ்சளாகவும் வழிய, பழையபடி நீலமும் மஞ்சளுமாகிறார்கள். இதுதான் 1959-இல் 'லிட்டில் புளூ அண்ட் லிட்டில் யெல்லோ' என்ற புத்தகமாக வந்தது. கண், மூக்கு, கை, கால் எதுவும் இல்லை. கிழித்த காகிதம் மட்டுமே.

முதல் கேள்வி எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தில்தான் இருக்கிறது. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் ஏன் பச்சை?

வெள்ளை வெளிச்சத்துக்குள் எல்லா நிறங்களும் கலந்திருக்கின்றன. மஞ்சள் வண்ணம் அதிலிருந்து நீலத்தை விழுங்கிவிட்டு, சிவப்பையும் பச்சையையும் திருப்பி அனுப்புகிறது. அந்த இரண்டும் ஒன்றாகக் கண்ணில் விழும்போது நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது. நீல வண்ணம் சிவப்பை விழுங்குகிறது. நீலத்தையும் கூடவே கொஞ்சம் பச்சையையும் திருப்பி அனுப்புகிறது. இரண்டையும் குழைத்துவிட்டால் ஒன்று நீலத்தை விழுங்கும், மற்றது சிவப்பை விழுங்கும். இரண்டிடமும் தப்பி வெளியே வருவது பச்சை மட்டும்தான். ஆக, கலக்கும்போது புதிதாக எதுவும் சேரவில்லை. இருந்த வெளிச்சம் குறைந்திருக்கிறது. அதனால்தான் வண்ணங்களைக் கலக்கக் கலக்க இருண்டுகொண்டே போகின்றன. எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டினால் சேற்று நிறம்தான் மிஞ்சும்.

முகாமில் இதையே போட்டியாக வையுங்கள். பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு நீலத்தையும் ஒரே மஞ்சளோடு கலந்து பாருங்கள். பச்சைச் சாயல் உள்ள நீலத்தில் தளிர்ப் பச்சை வரும். ஊதாச் சாயல் உள்ள அல்ட்ராமரைன் நீலத்தில் மங்கலான பாசிப் பச்சைதான் வரும், ஏனென்றால் அது திருப்பி அனுப்பும் பச்சையே குறைவு. எத்தனை பச்சை கிடைக்கிறதோ அத்தனையையும் தாளில் பூசி, காய்ந்ததும் கிழித்து, உங்கள் கதைக்குப் பாத்திரங்களாக்குங்கள். வீட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு, கைபேசித் திரையில் ஒரு மஞ்சள் படத்தை வைத்து, அதன்மேல் கடுகளவு தண்ணீர்த் துளி விட்டுப் பாருங்கள். துளி பூதக்கண்ணாடியாகிவிடும். அங்கே மஞ்சள் என்று ஒன்று கிடையாது. சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும்தான் எரிந்துகொண்டிருக்கும்.

சரி, அந்தக் கண்ணீர்? கலந்த பச்சையை மறுபடி பிரிக்க முடியுமா? போஸ்டர் கலரில் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது தண்ணீரில் கரையாத நுண்ணிய தூள். தூளும் தூளும் கலந்தபின் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஸ்கெட்ச் பேனா மை அப்படியல்ல, தண்ணீரில் கரையும் சாயம். பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ஒரு சாக்பீஸைச் சுற்றி, அடியிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே தள்ளி, வளையம் போடுங்கள். தட்டில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அதில் சாக்பீஸை நிறுத்துங்கள். தண்ணீர் வளையத்தைத் தொடக் கூடாது. சாக்பீஸின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் மேலே ஏறும்போது சாயத்தையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு சாயம் சாக்பீஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்தங்கும். இன்னொன்று தண்ணீரோடு ஓடும். பெரும்பாலான பச்சைப் பேனாக்களில் நீலமும் மஞ்சளும் தனித்தனிப் பட்டையாகப் பிரிந்துவிடும். எது முந்துகிறது என்று நீங்களே பாருங்கள். கறுப்புப் பேனாவில் இன்னும் வேடிக்கை. பால்பாயின்ட் பேனா மை தண்ணீரில் கரையாது, ஆகவே இடத்தைவிட்டு அசையாது.

மிகைல் ஸ்வெட் என்ற ருஷ்யத் தாவரவியலாளர் இதே வழியில் நிறங்களைப் பிரிக்கச் சுண்ணாம்புத் தூளை எடுத்துக்கொண்டார். கண்ணாடிக் குழாயில் அந்தத் தூளை அடைத்து, இலையிலிருந்து எடுத்த சாற்றை ஊற்றினார். இலையின் பச்சைக்குள் மஞ்சள் நிறமிகளும் ஒளிந்திருப்பது பட்டை பட்டையாகத் தெரிந்தது. 1903-இல் வார்சாவில் இந்த முறையைப் பற்றிப் பேசினார். இன்று மருந்து, உணவு, இரத்தம் எதைப் பரிசோதிக்கும் ஆய்வகத்திலும் இந்த வழியின் ஏதோ ஒரு வடிவம் இருக்கிறது.

காகிதம் கிழிப்பதிலும் ஒரு சங்கதி. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள். கோடு போட்ட மாதிரி நேராக வரும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். ஆலையில் காகிதக் கூழ் ஓடும் சல்லடை மேல் பரவும்போது, நார்கள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. நாரோடு கிழித்தால் எளிது, நாரை எதிர்த்துக் கிழித்தால் அடம்பிடிக்கும். மலைமுகடு வேண்டுமா, குறுக்கே கிழியுங்கள். கடல்மட்டம் வேண்டுமா, நெடுக்கே.

அடுத்த புத்தகம் எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'தி ஸ்னோயி டே'. 1962-இல் வந்தது. நியூயார்க்கில் பனி விழுந்த காலையில் சிவப்பு உடை போட்டுக்கொண்டு வெளியே போகும் பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவனின் கதை. அதுவரை அங்கே பெரும்பாலான படப் புத்தகங்களில் வெள்ளைக்காரப் பிள்ளைகள்தான் நாயகர்கள் என்பதால் இது பேசப்பட்டது. கீட்ஸ் கையில் கிடைத்ததையெல்லாம் ஒட்டினார். அலமாரித் தட்டில் விரிக்கும் ஆயில்கிளாத்தில் வெட்டியதுதான் பீட்டரின் அம்மாவுடைய உடை. பனித்திவலைகளை ரப்பரில் செதுக்கி, வண்ணத்தில் தோய்த்துக் குத்தினார். சாம்பல் நிறப் பின்னணிக்குப் பல் தேய்க்கும் பிரஷ்ஷில் மை தொட்டுத் தெளித்தார்.

தெளிப்பதற்குப் பழைய பிரஷ் போதும். விரலால் வளைத்து விட்டால் நார்கள் நிமிர்ந்து மையைச் சுண்டிவிடும். சட்டை கெடும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரப்பர் செதுக்கக் கத்தி வேண்டும், பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அதைவிட வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிக் குத்துவது சுலபம். பொதுவாக ஐந்து முனை நட்சத்திரம் விழும், சில ரகங்களில் கூடுதலாகவும் வரும். பனித்திவலைக்கோ ஆறுதான். உறையும்போது தண்ணீர் மூலக்கூறுகள் அறுகோண வளையங்களாகக் கைகோக்கின்றன, அந்த ஆறு பெரிதாகும்போதும் மாறுவதில்லை. கிரகங்களின் பாதையைக் கணக்கிட்ட கெப்ளரே 1611-இல் இந்த ஆறு மூலையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். மூலக்கூறு பற்றி யாருக்கும் தெரியாத காலம் அது. பதில் முழுதாகக் கிடைக்காவிட்டாலும் கேள்வியை விடவில்லை அவர். உங்கள் அச்சுப் பெட்டியில் வாழைக்காய், எலுமிச்சை, பாகற்காய் எல்லாம் சேர்த்து, எதில் எத்தனை அறை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நம் ஊரிலிருந்தே வந்த புத்தகம். சென்னையின் தாரா புக்ஸ் 2006-இல் வெளியிட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்'. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேத்தி மூவரும் வரைந்தது. கறுப்புத் தாளில், ஒவ்வொரு நிறமாகக் கையாலேயே ஸ்கிரீன் பிரிண்டிங் செய்த பக்கங்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் இந்த வேலையைப் பார்த்திருப்பீர்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணி; வேண்டாத இடங்களில் துளைகளை அடைத்திருப்பார்கள்; மேலே மையைவிட்டு ரப்பர் பட்டையால் இழுத்தால், திறந்த துளைகள் வழியே மட்டும் மை கீழே இறங்கும். ஒரு நிறம் காய்ந்த பிறகுதான் அடுத்த நிறம்.

எம்ப்ராய்டரி வளையத்தில் பழைய நெட் துப்பட்டாவை இறுக்கி மாட்டினால் உங்கள் ஸ்கிரீன் தயார். அடியில் வெட்டிய காகித ஸ்டென்சிலை வைத்து, கெட்டியான துணி வண்ணத்தைப் பழைய ஏடிஎம் அட்டையால் இழுங்கள். கறுப்புத் தாளில் வாட்டர்கலர் எடுபடாது. அது ஒளி ஊடுருவும் மெல்லிய படலம். வெளிச்சம் அதைக் கடந்து கீழே போகும், கறுப்புத் தாள் மொத்தத்தையும் விழுங்கிவிடும். வெள்ளை வண்ணத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கிறது. அது வெளிச்சத்தைக் கீழே போகவிடாமல் மேலேயே சிதறடிக்கும். எந்த நிறத்தோடும் கொஞ்சம் வெள்ளையைக் கலந்தால் கறுப்பில் எழும்பி நிற்கும்.

"இன்று கோண்டு ஓவியம் வரைவோம்" என்று பலகையில் எழுதிவிடாதீர்கள். கோண்டு பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சுவரிலும் தரையிலும் வரைந்து வந்ததை ஒன்றரை மணி நேரத்தில் நாம் வரைந்துவிட முடியாது. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. உருவத்தின் உள்ளே நிரப்பும் புள்ளி, கோடு, பிறை, வலை ஆகியவற்றில் ஒவ்வொரு ஓவியரும் தனக்கென்று ஒன்றை வைத்திருக்கிறார். நீங்களும் உங்கள் கையெழுத்துப் போல ஒரு கோலத்தைக் கண்டுபிடித்து, அதை மட்டுமே கொண்டு மரத்தை நிரப்புங்கள்.

எந்த மரம்? முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் யாராவது பெரியவரோடு கிளம்பிப் போய்ப் பாருங்கள். தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் மடிந்திருக்கும். புளியமரமும் அப்படித்தான். இலைக் காம்பின் அடியில் ஒரு சின்ன வீக்கம் இருக்கும். அதன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து தண்ணீர் மறுபக்கத்துக்கு நகர்வதால் இலை மடிகிறது. பவழமல்லி மாலையில் மலர்ந்து விடியலில் உதிரும். இரவில் மலரும் பூக்களில் பலவும் வெள்ளையாகவும் வாசனையாகவும் இருப்பது அந்துப்பூச்சிகளை அழைப்பதற்கு. இதையெல்லாம் பார்த்துவிட்டு வரையும் இரவு மரம், புத்தகத்தைப் பார்த்து வரையும் மரத்தைவிட உயிரோடு இருக்கும்.

இப்போது புழுவுக்கு வருவோம். எரிக் கார்லின் 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' 1969-இல் வந்தது. கார்ல் காகிதக் கட்டில் பஞ்சிங் மெஷினால் துளை போட்டுக்கொண்டிருந்தபோது, இதைப் புத்தகப் புழு தின்ற துளை என்று வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியதாம். முதலில் அது வில்லி என்ற புழு. பதிப்பாசிரியர் ஆன் பெனடியூஸ்தான் கம்பளிப்புழுவாக மாற்றலாமே என்றார். மாற்றியதால்தான் கடைசியில் வண்ணத்துப்பூச்சி வந்தது. துளைகளும் வெவ்வேறு அகலப் பக்கங்களும் இருந்ததால், கட்டுபடியாகும் விலையில் அமெரிக்காவில் அச்சிட முடியாமல், முதல் பதிப்பு ஜப்பானில் அச்சானது.

கார்ல் செய்த விதம்: மெல்லிய டிஷ்யூ தாள்களில் அக்ரிலிக் வண்ணத்தைக் கோடும் சுழியுமாகப் பூசிக் காயவைப்பார். இழுப்பறைகளில் நிறவாரியாக அடுக்கிவைப்பார். படம் வேண்டும்போது அவற்றிலிருந்து வெட்டி ஒட்டுவார். ஆரம்பத்தில் கடையில் விற்கும் வண்ண டிஷ்யூவையே பயன்படுத்தினார். அந்தச் சாயங்கள் நாளாக ஆக வெளுத்தன. பிறகுதான் வெள்ளைத் தாளில் தானே பூச ஆரம்பித்தார்.

திருவிழாத் தோரணத் தாள் சில நாள் வெயிலில் வெளுத்துப்போவதைப் பார்த்திருக்கிறோம். சூரிய ஒளியின் ஆற்றல் சாய மூலக்கூறுகளின் பிணைப்புகளை உடைத்துவிடுகிறது. உடைந்த மூலக்கூறுக்கு நிறம் காட்டத் தெரியாது. அருங்காட்சியகங்களில் விளக்கு மங்கலாக இருப்பது இதனால்தான். முகாமின் முதல் நாளே அடர் நிறத் தோரணத் தாளின் மேல் அட்டையில் வெட்டிய உருவங்களை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் விட்டுவிடுங்கள். கடைசி நாள் எடுத்தால் மூடியிருந்த இடம் அடர்த்தியாகவும் மற்ற இடம் வெளுத்தும் இருக்கும். தூரிகையே இல்லாத ஓவியம்.

இதே தோரணத் தாளைப் பசை தடவி ஒட்டிப் பாருங்கள்; சாயம் வழிந்து கையெல்லாம் சிவப்பாகும். போஸ்டர் கலர் பூசினால் அதுவும் ஈரம் பட்டதும் கரையும். அக்ரிலிக் கரையாது. அதில் தண்ணீருக்குள் மிதந்துகொண்டிருக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள், தண்ணீர் ஆவியானதும் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடுகின்றன. பிறகு தண்ணீர் ஊற்றினாலும் பிரியாது. அக்ரிலிக் டியூப் விலை அதிகம் என்றால், சுவருக்கு அடித்து மிஞ்சிய எமல்ஷன் பெயின்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் ஏறக்குறைய இதே சரக்குதான்.

பசைக்கு மைதா போதும். பச்சைத் தண்ணீரில் கரைத்தால் வெறும் மாவுத் தண்ணீர். அடுப்பில் வைத்துக் கிண்டினால்தான் பசை. சுமார் 60 டிகிரி செல்சியஸில் மாவுத் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதி, உள்ளிருக்கும் மாவுச்சத்துச் சங்கிலிகள் வெளியே வருகின்றன. காகித நாரான செல்லுலோஸும் இந்த மாவுச்சத்தும் இரண்டுமே குளுக்கோஸ் கோத்த சங்கிலிகள். நெருக்கமாகப் பற்றிக்கொள்வதில் வியப்பில்லை. சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், நமக்கு வேண்டாம். அன்றன்றைக்குப் புதிதாகக் கிண்டிக்கொள்ளுங்கள்.

கதையில் வரும் புழு ஆப்பிளில் தொடங்கி, சனிக்கிழமை கேக்கும் ஐஸ்கிரீமும் சாப்பிட்டு வயிற்றுவலியில் தவிக்கிறது. நிஜப் புழு இதில் மகா பிடிவாதக்காரர். எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை வகையறா. வெந்தய வரியனின் புழுவுக்கு எருக்கிலை. மாற்றிப் போட்டால் பட்டினி கிடக்கும். கதையில் புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. பட்டுப்பூச்சி போன்ற அந்துப்பூச்சிகள்தான் நூலால் கூடு கட்டும். வண்ணத்துப்பூச்சியின் புழு தோலுரித்து, உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவாகவே தொங்கும். கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் தட்டிவிடாதீர்கள். அது எலுமிச்சை அழகியின் குட்டிப் புழுவாக இருக்கலாம், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். அதைப் பார்த்து, அது உண்மையில் என்ன சாப்பிடுகிறதோ அதையே வைத்து, உங்கள் துளைப் புத்தகத்தைச் செய்யுங்கள்.

அட்டவணை போடும்போது ஒன்றைப் பாருங்கள்: எது காய எவ்வளவு நேரமாகும்? கிழி ஓவியம் அன்றே முடியும். டிஷ்யூ பூச்சு ஓர் இரவு காய வேண்டும், ஆகவே அதை இன்று பூசி நாளை வெட்டுங்கள். கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் தண்ணீர் மெதுவாக ஆவியாகும். மின்விசிறியைப் போட்டுவிடுங்கள், ஆனால் தாளின் மேல் கல் வைத்துவிட்டு.

எல்லாம் சேர்ந்த பிறகு புத்தகமாகக் கட்ட வேண்டாமா? படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளில் பல பக்கங்களை ஒன்றாக அச்சடித்து மடிப்பதால் பக்க எண்ணிக்கை 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போகிறது. ஒரு செய்தித்தாள் பக்கத்தை எடுத்து, ஒவ்வொரு முறையும் திசை மாற்றி மூன்று தடவை மடியுங்கள். கடைசி மடிப்புதான் புத்தகத்தின் முதுகு. வெட்டாமல், ஒட்டியிருக்கும் பக்கங்களைத் தூக்கிப் பார்த்து 1 முதல் 16 வரை எண் போடுங்கள். பிறகு முழுதாக விரியுங்கள். பாதி எண்கள் தலைகீழாக நிற்கும். 1-க்குப் பக்கத்தில் 16 இருக்கும், 8-க்குப் பக்கத்தில் 9. முதுகு மடிப்பின் இருபுறமும் இருக்கும் ஜோடி எதைக் கூட்டினாலும் 17. அப்படியானால் 32 பக்கப் புத்தகத்துக்கு அந்தக் கூட்டுத்தொகை என்ன, 5-ஆம் பக்கத்தின் ஜோடி எது? மடிக்காமலே சொல்லிவிட்டு, அப்புறம் மடித்துச் சரிபாருங்கள்.